பட்டாளத்து ஊன ஓய்வூதியம்: மறுத்துக் கடிதம் வந்தால்

[திரையில்: மெடிக்கல் போர்டு அறிக்கையின் கடைசிப் பக்கம்]

வணக்கம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் பட்டாளத்துக்காரர் வீடுகளில் ஒரு கடிதம் மடித்தபடி பீரோவில் கிடக்கும். "ஊன ஓய்வூதியம் வழங்க இயலாது." அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள் ஐயா.

முதலில் மெடிக்கல் போர்டு, அதாவது உங்களைச் சோதித்த படை மருத்துவர் குழு, தந்த அறிக்கையை எடுங்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒரு கேள்வி. அது பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்பது வேறு கேள்வி. பணிக்காலம் முடிந்து வந்தவருக்கு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். பணியோடு தொடர்பும் இருக்க வேண்டும். எதில் மறுத்திருக்கிறார்களோ, மேல்முறையீட்டில் அதற்குத்தான் பதில் எழுத வேண்டும்.

பீரங்கிப் படையில் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். காது மந்தம், 20 சதவீதம். ஆனால் "பணிக்குத் தொடர்பில்லை" என்று எழுதிவிட்டார்கள். படையில் சேரும்போது காதையும் சோதித்துத்தானே எடுத்தார்கள்? குறை என்று அன்று ஒரு வரி எழுதினார்களா? 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கேட்டது. சேரும்போது குறிப்பு இல்லாவிட்டால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு. உங்கள் மனுவின் உயிர்நாடி இந்த வாதம்தான், நிதானமாக எழுதுங்கள். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வந்தவர்களுக்கு மட்டும் புது விதிகள்.

[திரையில்: கணக்கு]

கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். நூறு சதவீத ஊனத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. இருபது சதவீதத்துக்கு 2,400. ஆனால் ஐம்பதுக்குக் கீழ் இருந்தால் ஐம்பதாகவே கணக்கிடும் முறை உண்டு. அப்போது மாதம் 6,000. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது.

சரி, எங்கே போவது? கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, உங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக. அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது, அதற்கும் ஆறு மாதம். அப்புறம் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பழைய கடிதமா? தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் நிலுவை பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

மருத்துவக் காகிதம் கையில் இல்லாவிட்டால், நகல் கேட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே மனு அனுப்புங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போய்க் கேளுங்கள். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.