சபையில் பேர் இருந்தால் போதுமா?

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மேடையில் வீற்றிருக்கும் நம் போதகர் ஐயா அவர்களே, மூப்பர்களே, டீக்கன்மார்களே, விடியுமுன்னே அடுப்பு மூட்டி இத்தனை பேருக்கும் மொகிங்கா மீன் சேமியா காய்ச்சித் தந்த பெண்கள் சங்கத்து அம்மாமார்களே, பகோவிலிருந்து முதல் பஸ்ஸில் ரங்கூனுக்கு வந்திருக்கும் சபையாரே, பக்கத்துத் தெரு பர்மியச் சபையின் போதகரான சயா அவர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். சயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போன மழையில் நம் கூரை ஒழுகியபோது, வேலை முடியும்வரை தம் ஆலயத்தை நமக்குத் திறந்துவிட்டவர் அவர்.

சபை அங்கத்தினரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வருவது, கொடுப்பது, ஒருவரையொருவர் தாங்குவது என்று மூன்று காரியம் சொல்கிறேன்.

முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தோம், உடன்படிக்கை வாசித்தபோது எழுந்து நின்றோம், பதிவேட்டில் பேர் ஏறிவிட்டது. அப்புறம்? கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம், அடக்கம். இவற்றுக்கு மட்டும் வருகிறவர்கள் நம்மில் பலர். "வீட்டில் வேதம் வாசிக்கிறேன், போனில் பிரசங்கம் கேட்கிறேன், போதாதா அண்ணே?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். போதாது தம்பி. தனி மரம் தோப்பாகாது. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பது போனில் பேசும் பிரசங்கியாருக்குத் தெரியாது. அடுத்த பெஞ்சில் உட்காருகிறவருக்குத் தெரியும்.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி ஜட்சன் ஐயர் ரங்கூனில் வந்திறங்கியது 1813இல். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஒரே ஆத்துமாவுக்காக ஆறு வருஷம் உழைத்தவருடைய ஊரில் இருந்துகொண்டு, எட்டு மணி ஆராதனைக்கு நாம் ஒன்பதரைக்கு வருகிறோம்.

என் பெரியப்பா மௌல்மீனில் மூப்பராக இருந்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாக நம் ஜனம் மதராசுக்குப் போனது. போதகரும் போய்விட்டார், சாவி பெரியப்பா கைக்கு வந்தது. ஒரு ஜூலை ஞாயிறு. மௌல்மீன் மழை உங்களுக்குத் தெரியும், குடை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆலயத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆச்சி. பெரியப்பா மணியடித்தார். சங்கீதம் வாசித்தார், ஆச்சி மாறி வாசித்தது. கீர்த்தனை பாடினார்கள், காணிக்கைத் தட்டையும் நீட்டினார். கடைசியில் அறிவிப்பு! "அடுத்த ஞாயிறு திருவிருந்து. வியாதியாயிருக்கிறவர்களைச் சபையார் போய்ப் பார்க்கவும்." ஆச்சி சுற்றும்முற்றும் பார்த்தது. "ஏன் மூப்பரே, சபையார்னா நான்தானா?" "ஆமா ஆச்சி, நீங்கதான்." ஆச்சி அந்த வாரம் முழுக்க, முழங்கால் வலியோடு, மிச்சமிருந்த வீட்டுக்கெல்லாம் நடந்தது. வியாதிக்காரர் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்தது. திருவிருந்து ஞாயிறன்று இரண்டு பெஞ்சு நிறைந்தது என்று பெரியப்பா சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். தனி மரம் தோப்பாகாது என்பார்கள். நட்டால்தானே ஆகும்? ஆச்சி நட்டது.

கொடுப்பதைப் பற்றிப் பொருளாளர் ஐயா காலையிலேயே நன்றாகச் சொல்லிவிட்டார். நான் மூன்றாவதற்கு, தாங்குவதற்கு வருகிறேன், அதிலும் நம் பிள்ளைகளைத் தாங்குவதற்கு. இதைச் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்க எனக்கு மனசில்லை.

நம் வாலிபர் பாடகர் குழுவின் தாள்களை வாங்கிப் பார்த்தேன். தமிழ்க் கீர்த்தனை, ஆனால் எழுதியிருப்பது பர்மிய எழுத்தில். அழகாகத்தான் பாடுகிறார்கள். வேதத்தைக் கையில் கொடுத்தால் விழிக்கிறார்கள். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு நம் பாஷையில் அச்சாகி வந்துவிட்டது. நம் பிள்ளைக்கு இன்று ஒரு வசனம் எழுத்துக்கூட்ட வரவில்லை. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழுக்கு மிஞ்சியது கோயில் திண்ணையும் ஆலயத்துப் பின்கட்டும்தான். அதையும் நாம் பூட்டி வைத்தால் எப்படி? வேதபாடம் வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பீடத்துக்கு யார் அழைப்பார்? அங்கத்தினர் கூட்டத்தில் அறிக்கை வாசித்தால் அவனுக்கு என்ன புரியும்? பதினெட்டு வயதில் கடைசி பெஞ்சுக்குப் போவான், அடுத்த வருஷம் அந்த பெஞ்சிலும் இருக்க மாட்டான். பக்தி இல்லாமல் அல்ல, அவனுக்கு இங்கே செய்ய ஒரு வேலையும் இல்லாததால்.

ஆகவே வருகிற ஞாயிறு முதல், ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம், பின்கட்டு அறையில் தமிழ் வகுப்பு. போதகர் ஐயா சம்மதம் கொடுத்துவிட்டார். சிலேட்டும் கரும்பலகையும் இருக்கின்றன. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். எழுத்துத் தெரிந்த அக்காமார், ஆச்சிமார் முன்வாருங்கள். வாசிக்க வராத தகப்பன்மாரும் பிள்ளையோடு வந்து உட்காரலாம். ஆசீர்வாதம் முடிந்ததும் செயலாளர் ஐயா வாசலில் நிற்பார், அவரிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.