சேலைக்குள் ஷேப்வேரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"சேலைக்குள் உடுத்தச் சுகமானது நாடா பாவாடையா, ஷேப்வேரா?" என்பது தலைப்பு. எங்கள் அணி ஷேப்வேர் அணி. ஷேப்வேர் என்றால் பாவாடைக்குப் பதிலாகச் சேலைக்குள் போடுகிற, இழுத்தால் நீளும் துணியில் உடம்போடு ஒட்டி நிற்கும் உள்ளாடை. நான் உள்ளாடைக் கடை நடத்துகிறவள். அதனால் என் பேச்சில் இலக்கியம் குறைவாகவும் இஞ்ச் டேப் அதிகமாகவும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். பாவாடை நம் பாரம்பரியம், அதை விடலாமா என்றார். ஷேப்வேர் இறுக்கும், மூச்சு முட்டும் என்றார். பெண்ணை அவள் உடம்பைப் பார்த்து அவளே வெட்கப்பட வைக்கும் என்றார். கைதட்டலும் வாங்கினார். அதில் பாதி என் கடை வாடிக்கையாளர்கள் தட்டியது என்பதுதான் எனக்கு வருத்தம்.

பாரம்பரியத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒன்பது கெஜம் மடிசார் கட்டிய பாட்டிகள் உள்ளே பாவாடை கட்டவில்லை. சேலைக்குள் பாவாடை, மேலே தைத்த ரவிக்கை என்கிற ஜோடி 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. தாகூர் வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி பம்பாயில் இருந்துவிட்டு வங்காளத்துக்குத் திரும்பி, அதைப் பிரபலமாக்கினார். அன்றைக்கு அதுவே புது ஃபேஷன். பாவாடைக்குக் குடியுரிமை கொடுத்தவர்கள் ஷேப்வேரிடம் மட்டும் ஏன் விசா கேட்கிறீர்கள்?

அடுத்தது இறுக்கம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

"பாவாடை யாரையும் இறுக்காது" என்று எதிரணித் தம்பி அடித்துச் சொன்னார். தம்பி, நீங்கள் கட்டுவது வேட்டி. பாவாடையில் துணி இறுக்காது, உண்மைதான். நாடா? கடையில் பாவாடை கேட்பவர்கள் நிறம் சொல்வார்கள், உயரம் சொல்வார்கள். இடுப்பு எத்தனை இஞ்ச் என்று யாரும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. எல்லா இடுப்புக்கும் அதைப் பொருந்த வைக்கிற வேலை முழுக்க நாடாவின் தலையில். ஐந்தரை மீட்டர் சேலை, முன்னால் மொத்தமாகச் செருகிய கொசுவம், ஜரிகைப் பட்டாக இருந்தால் கனம் ஒரு கிலோவை நெருங்கும். அவ்வளவும் அரை இஞ்ச்கூட அகலமில்லாத ஒரு கயிற்றில் தொங்குகிறது. கல்யாண மண்டபத்தில் அவிழ்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அதையும் ஒரு இழு கூடுதலாக இழுத்து முடிச்சுப் போடுகிறோம். காய்கறியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் தூக்கி வந்தால் விரலில் பள்ளம் விழுகிறது. அதே காயை அகலப் பிடி வைத்த துணிப்பையில் தூக்கினால் விழுவதில்லை. இடுப்புக்கும் அதே கணக்குதான். கனம் மாறவில்லை, அது உட்காரும் இடம் அகலமாகிறது. சேலை ஷேப்வேரில் இருப்பது அந்த அகலப் பட்டி.

இந்த அரங்கத்தில் தினமும் சேலை கட்டுகிற அம்மாக்கள் பலருக்கு இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த கோடு இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதலில் நாடாவைத் தளர்த்தி, அந்த இடத்தைச் சொறிந்துவிட்டுத்தான் காபி. அந்தக் கோட்டை நாம் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் ஒரு 70 வயது அம்மாவைப் பற்றி எழுதினார்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியே பழகியவர். விலாவுக்குக் கீழே 18 மாதமாக ஆறாத புண். சோதித்துப் பார்த்தால் தோல் புற்றுநோய். இது மிக மிக அரிது, யாரையும் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் "பாவாடை யாரையும் இறுக்காது" என்ற வாக்கியத்தை மட்டும் எதிரணி திரும்பப் பெற வேண்டும்.

"அப்படியானால் ஷேப்வேர் இறுக்காதா?" என்று அடுத்து எழுந்து கேட்பார்கள். அவர்கள் அணியின் அக்கா ஒருவர் விக்டோரியா மகாராணி காலத்துக் கார்செட்டை வேறு இழுத்து வந்து காட்டினார். அக்கா, அது திமிங்கல வாய்க்குள் இருக்கும் பட்டைகளை வெட்டி வைத்துத் தைத்தது, இழுத்தால் நீளாது. ஸ்பான்டெக்ஸ் என்ற இழையை டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது 1958-இல். இழுத்தால் பல மடங்கு நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். லைக்ரா என்று நாம் கடையில் கேட்பது அதைத்தான். இந்த இழை நம் கூடவே அசையும். அது கழுத்தைப் பிடிப்பது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான், நம் அளவுக்குச் சின்னதாக வாங்கும்போது.

அங்கேதான் நடுவர் அவர்களே, என் கடைக் கதை வருகிறது. வருகிறவர்கள் "மீடியம் இருக்கா?" என்பார்கள். எதை வைத்து மீடியம் என்றால், "எப்பவும் மீடியம்தானே" என்பார்கள். நைட்டி மீடியம், டாப்ஸ் மீடியம், அதனால் இதுவும் மீடியம். சரி, அளந்து பார்ப்போம் என்று டேப்பை எடுத்த நொடியில் வயிறு உள்ளே போய்விடும்! மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "அம்மா, மூச்சு விடுங்க, நீங்க விடுறப்ப இருக்கிற வயித்துக்குத்தான் துணி வேணும்" என்று சொல்லித்தான் அளப்பேன். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், பின்பக்கம் இறங்கிவிடக் கூடாது. இடுப்பு ஒரு அளவு, புட்டத்தின் மிக அகலமான இடம் இன்னொரு அளவு. இரண்டையும் எழுதிக்கொண்டு, அட்டையில் அச்சிட்டிருக்கும் இஞ்ச் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனிக்கு லார்ஜ். நம் அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுக்க வேண்டும். சின்னதை எடுத்தால் மேல் விளிம்பு சுருண்டு கீழே இறங்கும், பிதுங்கும் சதை ரவிக்கைக்குக் கீழே ஒரு புது மடிப்பாக நிற்கும். மறைக்க வாங்கியதே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்திரிகைகளில் பேரிக்காய் உடல்வாகு, ஆப்பிள் உடல்வாகு என்று எழுதுகிறார்கள். படித்தால் பழக்கடைக்கு வந்த மாதிரி இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: கனம் எங்கே இருக்கிறது?

இடுப்பு சின்னது, புட்டமும் தொடையும் கனம் என்றால் புட்டத்தின் அளவுக்கு வாங்குங்கள். இவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறவர்கள். இடுப்புக்குப் பார்த்து வாங்கிவிட்டு, தொடையில் துணி பிடித்துக்கொண்டு, பேருந்துப் படி ஏறத் தெரியாமல் நிற்பார்கள். பெரிய சைஸில் இடுப்பு தொளதொளவென்று இருக்குமே என்றால், பட்டிக்குள் நாடாவும் சேர்த்து வருகிற வகை இருக்கிறது. (எதிரணி கைதட்ட வேண்டாம், இந்த நாடா கனம் தாங்குவதில்லை. பட்டி நழுவாமல் லேசாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.) முழங்காலுக்குக் கீழே மீன்வால் போல விரிகிற வெட்டு இவர்களுக்கு அழகாக விழும், ஆனால் பக்கவாட்டில் திறப்பு கட்டாயம் வேண்டும்.

வயிறு முன்னால், கால் மெல்லிசு என்பவர்களுக்குக் கதை தலைகீழ். இடுப்பளவுதான் கணக்கு. தொப்புளுக்குக் கீழே நிற்கும் பட்டி இவர்களுக்கு ஆகவே ஆகாது. உட்கார்ந்தவுடன் வயிற்று மடிப்பில் போய்ச் செருகி, சுருண்டு, நாடாவைவிட மோசமாக அறுக்கும். மார்புக்குக் கீழ்வரை ஏறுகிற உயரமான பட்டியாக, விளிம்பில் கெட்டியான எலாஸ்டிக் இல்லாமல் பாருங்கள். காலில் சற்றுத் தளர்வாக இருந்தால் இருக்கட்டும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒல்லியாக இருப்பவர்களுக்கு இறுக்கமே தேவையில்லை. பாவாடைச் சுருக்கங்கள் சேலைக்குள் கும்மென்று உப்பி நிற்காமல் இருந்தாலே போதும், மெல்லிய ரகம் எடுக்கலாம். குள்ளமானவர்கள் உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மீன்வால் ரகத்தைக் கீழே வெட்டித் தைத்தால் விரிகிற பகுதியே போய்விடும், அப்புறம் அடி எடுத்து வைக்க முடியாது. நெட்டையானவர்கள் உயரம் போதாததைச் சிஃபான் சேலைக்குள் கட்டினால் பாதி காலில் உள்துணி முடிவது வெளியே தெரியும்.

வாங்கி வந்தபின் ஒரு சோதனை. விலைச்சீட்டைக் கிழிக்காமல், இருக்கும் உள்ளாடைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, வீட்டில் சம்மணம் போட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள். கையைத் தூக்கி அலமாரியில் ஒரு டப்பாவை எடுங்கள். ஆழமாக மூச்சு விடுங்கள். பட்டிக்குள் இரண்டு விரல் சுலபமாகப் போக வேண்டும். பிறகு யாரும் மேடையில் சொல்லாததை நான் சொல்கிறேன்: இந்தியன் டாய்லெட்டில் உட்காருவது போல உட்கார்ந்து, துணியை மேலே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது எவ்வளவு அழகானதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்கவே பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது துணியின் குற்றமா, வெட்டின் குற்றமா என்று நடுவர் யோசிக்க வேண்டும்.

உடம்பே சில எச்சரிக்கை கொடுக்கும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால், எரிந்தால், அங்கே போகும் நரம்பு இடுப்பருகே நசுங்குகிறது என்று அர்த்தம். சாப்பிட்டதும் புளித்த ஏப்பம் மேலே வந்தாலும் அப்படித்தான், வயிறு அழுத்தப்படுகிறது. உடனே கழற்றிவிட வேண்டும். ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது.

மூன்றாவது குற்றச்சாட்டு, வெட்கம். இதில் எதிரணியோடு பாதி வழி நானும் நடக்கிறேன். "இரண்டு சைஸ் குறைத்துக் காட்டும்" என்று விளம்பரம் செய்கிறார்கள். "போட்டால் தொப்பை கரையும்" என்றுகூடச் சொல்கிறார்கள். கரையாது. வியர்வை போகும், கொழுப்பு போகாது. அந்தப் பொய்யை நம்பித்தான் பெண்கள் சின்ன சைஸ் வாங்கி அவதிப்படுகிறார்கள். ஆனால் என் கடைக்கு வரும் டீச்சர் ஒருவர் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நாள் முழுக்க போர்டு பக்கம் நிக்கிறேன், கொசுவம் நழுவக் கூடாது, இடுப்பு வலிக்கக் கூடாது" என்றுதான் கேட்டார். அவர் கேட்டதில் வெட்கம் எங்கே இருக்கிறது?

எதிரணி விட்டுவிட்ட சில உண்மைகளை நானே சொல்கிறேன். சித்திரை வெயிலில், வீட்டு வேலை செய்யும்போது, பாப்ளின் பாவாடையின் காற்றோட்டத்துக்கு ஷேப்வேரின் நைலான் ஈடாகாது. மூட்டுவலி உள்ள பாட்டிக்கு இதைக் காலில் ஏற்றுவதே ஒரு குஸ்தி. கர்ப்பிணிகளுக்கு நான் விற்பதில்லை. சிசேரியன் ஆனவர்களை டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன். அவர்களெல்லாம் பாவாடையே கட்டட்டும். நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அப்படித் தைத்துக்கொண்டால் பாதி எங்கள் அணிக்கு வந்துவிட்டார்கள் என்று நடுவர் குறித்துக்கொள்ளலாம்.

விலை அதிகம் என்று தம்பி கடைசியாகக் கேட்டார். ஆமாம், இரண்டு மூன்று பாவாடை வாங்கும் காசு. வெந்நீரில் ஊறப்போடாமல், இஸ்திரி போடாமல், நிழலில் காயவைத்தால் நெடுநாள் உழைக்கும். இழுவை செத்துப்போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டு அம்மாவிடம் இன்று நாடா எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.