கூட யார் வருவது?

(நர்சிங் மாணவிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கிராமத்து நோயாளி எதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்? நல்ல டாக்டர், குறைந்த செலவு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். சரி, இலவசம் என்றால் வந்துவிடுவார்களா?

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் போட்டார்கள். கண்புரை ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. விசாரித்தால், பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு ஆள் என்று இடித்தது. அப்புறம் வண்டியும் சாப்பாடும் ஆஸ்பத்திரியே கொடுத்து, முகாமிலிருந்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தெருக்காரர் நாலு பேர் அதே வண்டியில் வரும்போது துணைக்கு மகன் எதற்கு?

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையம் மூன்று கிலோமீட்டர். மாத்திரை இலவசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட்டும் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் திறக்கும் ஒரு கிளினிக்கில் 200 ரூபாய் கொடுத்துவிட்டு வருவார். ஏன் என்றேன். "காலையில ஓ.பி.க்குப் போனா அன்னிக்குக் கூலி 400 போச்சு. இவரு வேலை முடிஞ்சு வந்தா இருக்காரு." கணக்கில் என்ன தப்பு? இதைப் போய் அறியாமை என்கிறோம். எனக்கு அந்தச் சொல்லே பிடிப்பதில்லை. அந்த டாக்டர் தேவையில்லாமல் ஊசியும் போடுவார், அது வேறு விஷயம். ஆனால் உட்கார வைத்து, "பேத்தி சடங்கு முடிஞ்சுதா?" என்று கேட்பார்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் அது பேசும். தினசரி மாத்திரைக்கு உதவாது.

பிறகு காலில் புண் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மகன் திருப்பூரில், அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அன்றைக்கு அங்கே வழக்கமான ஓ.பி. இல்லை. வீட்டில் நாலு ஆடு வேறு. இப்படியே பத்து நாள் ஓடி, புண் கறுத்துவிட்டது.

கடைசியில் கூட்டிப்போனது எதிர்வீட்டு அக்கா. போன வருஷம் மாமியாரோடு அதே வார்டில் இருபது நாள் கிடந்தவர். எந்த ஜன்னலில் சீட்டு, எந்த மாடியில் கட்டு, வெந்நீர் எங்கே கிடைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆடுகளை அவர் மருமகள் பார்த்துக்கொண்டாள்.