குவாகுவா எப்போது வரும்?

தலைவர் ஐயா அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, போன தடவை நான் நேரம் தாண்டியதை மன்னித்து மறுபடியும் மைக் கொடுத்த செயலாளர் அவர்களே, டீ கொண்டுவந்த தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஸ்பானிஷ் சொல்லுக்கு ஆங்கில அகராதி தரும் பொருள், தெருவில் அதற்கு உள்ள பொருள், மூன்றாவது வசவுகள். பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்றாவது கடைசியில்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார் என் ஆத்தா. 'எம்பரசாதா' என்பது கூச்சப்பட்டவர் என்று பொருள்படும் ஆங்கில எம்பராஸ்டு மாதிரியே இருக்கும், ஸ்பானிஷில் பொருளோ கர்ப்பிணி. 'கான்ஸ்டிபாதோ' என்பது ஆங்கிலத்தில் மலச்சிக்கல்காரரைச் சொல்லும் கான்ஸ்டிபேட்டட் மாதிரி இருக்கும், ஸ்பெயினிலோ சளி பிடித்தவர். பேதி மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

நான் கப்பலில் இருந்த காலம். கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் பஸ்ஸுக்குக் 'குவாகுவா' என்று கற்றுக்கொண்டேன், பையில் இருந்த ஸ்பானிஷ்-ஆங்கில அகராதியும் ஆமாம் பஸ்தான் என்றது. அப்புறம் ஒரு பயணத்தில் சிலி நாட்டு வால்பரைசோ. கப்பலுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது, நிறுத்தத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறார், நிறைமாத வயிறு. போய் மரியாதையாகக் கேட்டேன், "அம்மா, குவாகுவா எப்போது வரும்?" அவர் வயிற்றைத் தடவிச் சிரித்தபடி, "இன்னும் இரண்டு வாரம்" என்றார். அடப்பாவமே, இரண்டு வாரத்துக்கு ஒரு பஸ்ஸா என்று பதறி, "அதுவரைக்கும் இங்கேயே நிற்பீர்களா?" என்றேன். சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை! பஸ்ஸுக்கு அங்கே 'மிக்ரோ'. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்ததில், அங்கேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று எனக்கு உதறல்.

சரி, எதற்குச் சொல்கிறேன்? என் சட்டைப்பை அகராதி எந்த நாட்டில் என்று சொல்லவில்லை. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் ராயல் அகாதமியின் அகராதியைத் திறந்தால் இது கியூபாவில் இப்படி, சிலியில் இப்படி என்று நாடு போட்டிருக்கும். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று காட்டித்தர அப்படித் தடித்த புத்தகம்தான் வேண்டும். நம் நூலகத்திலும் தடித்த அகராதிகள் வரிசையாக இருக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால், பூட்டு போட்டு! பிள்ளைகள் முதுகெழுத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

செயலாளர் மணி அடித்துவிட்டார், வசவுகளுக்கு நேரமில்லை. அலமாரி போர்த்துக்கீசியர் தந்த சொல், ஸ்பானிஷில் அர்மாரியோ. சாவியும் அவர்கள் தந்ததே. வார்டு உறுப்பினர் அம்மா, அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?