அதிகம் பேசும் காதலன், ‘ஒருவேளை’ என்று பேசும் காதலி: ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’

[திரையில்: அரண்மனைக் கூடம். ஓரத்தில் இசைக் குழு வாசிக்கிறது.]

“காதலுக்கு இசைதான் சாப்பாடு என்றால் வாசித்துக்கொண்டே இருங்கள். அளவுக்கு மீறிக் கொடுங்கள். திகட்டிப்போய் இந்தப் பசியே செத்துவிடட்டும்.”

இல்லிரியா நாட்டுப் பிரபு ஆர்சினோ பேசும் முதல் வசனம் இது. காதலைப் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதியதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரிகளில் ஒன்று. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அதற்கு அடுத்து வருவதை விட்டுவிடுகிறார்கள். ஏழாவது வரியிலேயே ஆர்சினோ, “போதும், நிறுத்துங்கள். முன்பிருந்த இனிமை இப்போது இல்லை” என்று சொல்லிவிடுகிறான். நாடகம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த வீடியோவில் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தின் கதை முழுவதையும் சொல்லப்போவதில்லை. அதில் காதலிக்கிறவர்கள் என்ன அணியில், என்ன நடையில் பேசுகிறார்கள் என்று மட்டும் பார்க்கப்போகிறோம். யாருடைய காதலில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை ஷேக்ஸ்பியர் அதில்தான் காட்டிக்கொடுக்கிறார்.

கதைச் சுருக்கம் வேகமாக. கப்பல் உடைந்து வயோலா இல்லிரியாவில் கரை சேர்கிறாள். இரட்டையரில் மற்றவனான செபாஸ்டியன் கடலில் போய்விட்டான் என்று நினைக்கிறாள். ஆண் வேடமிட்டு, செசாரியோ என்ற பெயரில் ஆர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள், அவனைக் காதலிக்கவும் செய்கிறாள். ஆர்சினோ காதலிப்பது சீமாட்டி ஒலிவியாவை. அவளிடம் தூது போகச் சொல்லி செசாரியோவை அனுப்புகிறான். ஒலிவியா அந்தத் தூதுவன் மேலேயே காதல் கொள்கிறாள். கடைசியில் செபாஸ்டியன் உயிரோடு வந்து நிற்க, முடிச்சு அவிழ்கிறது. ஆணும் பெண்ணுமான இரட்டையர் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க முடியாதே என்று கேட்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் சொந்தப் பிள்ளைகளில் ஹாம்னெட்டும் ஜூடித்தும் ஆண் பெண் இரட்டையர்கள்தான். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்!

நாடகம் மேடையேறியதாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு 1602 பிப்ரவரி 2. லண்டனில் மிடில் டெம்பிள் சட்டக்கல்வி மன்றத்தில் நடந்ததை, அங்கே படித்த ஜான் மானிங்ஹாம் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது. அச்சில் வந்தது 1623இல்தான்.

சரி, ஆர்சினோவுக்கு வருவோம்.

அவன் பேசுவதில் பெரும்பகுதி இரவல் சரக்கு. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், லாரா என்ற பெண்ணைப் பாடி நூற்றுக்கணக்கான கவிதைகள் எழுதினார். எட்டாத காதலி, ஏங்கிச் சாகும் காதலன், பெருமூச்சு, கண்ணீர், நெருப்பு எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வாய்ப்பாடாகிவிட்டன. 1590களில் இங்கிலாந்துக் கவிஞர்களை, சானெட் எனும் பதினான்கு வரிக் கவிதையின் மோகம் பிடித்து ஆட்டியது. மானிங்ஹாம் போன்ற படித்த பார்வையாளர்களுக்கு அதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்த சங்கதி.

ஒலிவியாவைக் கண்ட கணத்திலேயே தான் ஒரு மானாகிவிட்டதாகவும், தன் ஆசைகளே வேட்டை நாய்களாகத் தன்னைத் துரத்துவதாகவும் ஆர்சினோ சொல்கிறான். உருவகம் என்ற அளவில் அழகுதான். ஆனால் மானும் அவன், நாய்களும் அவன். ஒலிவியாவுக்கு அந்தக் காட்சியில் இடமே இல்லை. நாடகத்திலும் அப்படித்தான். ஐந்தாம் அங்கம் வரும்வரை இருவரும் மேடையில் நேருக்கு நேர் சந்திப்பதே கிடையாது!

ஒலிவியாவும் முதலில் சளைத்தவள் இல்லை. இறந்துபோன சகோதரனுக்காக ஏழு வருஷம் முகத்திரையோடு நடந்து, தினம் ஒருமுறை அறையைச் சுற்றி உப்புக் கண்ணீர் தெளிக்கப்போகிறாளாம். அவன் மேல் வைத்த அன்பு கெடாமல் இருக்க வேண்டுமே! அன்பை உப்பில் ஊறப்போட்டுப் பதப்படுத்தும் வேலை என்று அந்த வரிகளே சிரிக்காமல் கேலி செய்கின்றன.

[திரையில்: ஒலிவியாவின் வீடு. முகத்திரையோடு ஒலிவியா. எதிரே செசாரியோ.]

முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில்தான் நாடகம் சூடு பிடிக்கிறது. செசாரியோ ஆர்சினோவின் காதலைச் சொல்ல ஒரு பேச்சை மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். “நன்றாக எழுதப்பட்ட பேச்சு, உருப்போட நான் பட்ட பாடு வீணாகிவிடக் கூடாது” என்று வெளிப்படையாகவே சொல்கிறான். திரையை விலக்கும் ஒலிவியா, தன் அழகுக்குப் பட்டியல் போட்டுத் தருவதாகச் சொல்கிறாள்: உதடு இரண்டு, ஓரளவு சிவப்பு, சாம்பல் நிறக் கண் இரண்டு, இமைகளோடு சேர்த்து, கழுத்து ஒன்று, முகவாய் ஒன்று. நம் புலவர்கள் கேசாதிபாதம் பாடியதுபோல, காதலியை அங்கம் அங்கமாக வர்ணிப்பது அந்த சானெட் கவிஞர்களுக்கும் பழக்கம். அதை ஒலிவியா பலசரக்குக் கடைச் சீட்டாக்கிவிடுகிறாள். ஆர்சினோவின் மொத்தக் கவிதை முறையும் அந்த ஒரு கேலியில் காலி.

அப்புறம்தான் அவள், “நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்கிறாள். செசாரியோ மனப்பாடத்தைக் கைவிட்டுச் சொந்தமாகப் பேசுகிறான். “உங்கள் வாசலில் வில்லோக் கிளைகளால் ஒரு குடிசை போடுவேன். வீட்டுக்குள் இருக்கும் என் உயிரைக் கூப்பிடுவேன். ஏற்கப்படாத காதலைப் பாட்டாக எழுதி நடுராத்திரியில் உரக்கப் பாடுவேன். மலைகள் எதிரொலிக்க உங்கள் பெயரைக் கத்துவேன்.” வில்லோ மரம் ஆங்கில மரபில் கைகூடாத காதலின் சின்னம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வினைச்சொற்களை. போடுவேன், கூப்பிடுவேன், எழுதுவேன், பாடுவேன், கத்துவேன். அவள் கண்ணைப் பற்றியோ உதட்டைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. ஒலிவியாவின் பதில்: “நீ நிறையவே சாதிப்பாய்.” அடுத்த மூச்சில், “உன் பிறப்பு எப்படி, குடும்பம் எப்படி?” குடும்பம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் விஷயம் எங்கே போகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே காட்சியில் காதுக்கு மட்டும் தெரியும் வேலை ஒன்றும் நடக்கிறது. அதுவரை உரைநடையில் குறும்பு பேசிக்கொண்டிருந்த ஒலிவியா, செசாரியோவின் கவிதை வரிகளுக்குப் பதிலாகத் தானும் கவிதை நடைக்கு மாறுகிறாள். காதல் வந்தது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே வசனத்தின் சந்தத்துக்குத் தெரிந்துவிடுகிறது. தனியானதும், “கொள்ளைநோய் இவ்வளவு சீக்கிரமா தொற்றும்?” என்று வியக்கிறாள். ஒலிவியாவைப் பார்த்தபோது காற்றிலிருந்த நோயே விலகியது என்று ஆர்சினோ முன்பு சொல்லியிருந்தான். அவனுக்கு அவள் மருந்து, அவளுக்கோ காதலே நோய். 1592 முதல் 1594 வரை பிளேக்கினால் லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அந்தப் பார்வையாளர்களுக்கு இது வெறும் உவமையாக மட்டும் கேட்டிருக்காது.

இரண்டாம் அங்கத்தின் நான்காம் காட்சிதான் என் கணக்கில் நாடகத்தின் உச்சம். ஆர்சினோ செசாரியோவுக்குக் காதல் பாடம் எடுக்கிறான். ஆண்களின் ஆசைதான் சீக்கிரம் ஆடிப்போகும், பெண்களுடையது அப்படியில்லை என்கிறான். அதே காட்சியில் கொஞ்ச நேரம் கழித்து, பெண்களின் காதல் வெறும் நாக்கு ருசி, சீக்கிரம் திகட்டிவிடும், என்னுடையதோ கடல் போலப் பசித்தது என்கிறான். திகட்டும் பேச்சை நாடகத்தின் முதல் வரிகளில் எடுத்தவன் யார் என்று நினைத்துப் பாருங்கள். தன் உயர்வு நவிற்சி தன்னையே காட்டிக்கொடுப்பது அவனுக்குத் தெரியவில்லை.

வயோலா அவனை மறுக்க வேண்டும். உண்மையைச் சொல்லவும் கூடாது. “என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் ஒருவரைக் காதலித்தாள், ஒருவேளை நான் பெண்ணாக இருந்தால் உங்களைக் காதலிப்பேனே, அதுபோல” என்கிறாள். அவள் கதை என்ன ஆயிற்று என்று அவன் கேட்கிறான். “வெற்றுத்தாள், பிரபு. அவள் காதலைச் சொல்லவே இல்லை. மொட்டுக்குள் புழு போல அந்த ரகசியம் அவள் கன்னத்தைத் தின்றது. கல்லறை மேல் செதுக்கிய பொறுமைச் சிலை போல, துயரத்தைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.” அவையில் இருக்கும் நமக்குத் தெரிந்தது மேடையில் இருப்பவனுக்குத் தெரியவில்லை, இதைத்தான் நாடக முரண் என்கிறோம். பொதுவாகச் சிரிப்புக்குப் பயன்படும் உத்தி இங்கே தொண்டையை அடைக்கிறது. அன்றைய பொது மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. எனவே ஸ்திரீபார்ட் போட்ட ஒரு பையன், ஆணாக வேடமிட்ட பெண்ணாக நின்று, இல்லாத ஒரு சகோதரியைப் பற்றிப் பேசுகிறான். இத்தனை அடுக்கு வேடத்துக்கு உள்ளேதான் நாடகத்தின் மிக நேர்மையான காதல் பேச்சு இருக்கிறது. இரண்டு பெரிய பேச்சுகளிலும் வயோலாவுக்குக் கைகொடுப்பது ‘ஒருவேளை நான்’ என்ற ஒரே பிடிதான்.

மானிங்ஹாமுக்கு இதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. அவர் ரசித்து எழுதியது ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன் மல்வோலியோ ஏமாந்த கதையை. பணிப்பெண் மரியா, ஒலிவியாவின் கையெழுத்தில் அவனுக்காக ஒரு போலிக் காதல் கடிதம் எழுதிப் போடுகிறாள். கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே மல்வோலியோ, தான் ஒலிவியாவின் கணவனாகி வெல்வெட் அங்கியோடு வேலைக்காரர்களை மிரட்டுவதாகப் பகல்கனவு கண்டுகொண்டிருக்கிறான். கடிதத்தில் எம், ஓ, ஏ, ஐ என்று நான்கு எழுத்துகள். எல்லாம் அவன் பெயரில் உண்டு, வரிசை மட்டும் பொருந்தவில்லை. கொஞ்சம் நசுக்கினால் வளைந்துகொடுக்கும் என்று தானே சொல்லிக்கொள்கிறான். பிறகு கடிதம் சொன்னபடியே மஞ்சள் காலுறை, குறுக்கே கட்டிய பட்டி, ஓயாத இளிப்பு. கடைசியில் பைத்தியம் என்று அவனை இருட்டறையில் அடைக்கிறார்கள். காதலிப்பவளை விட்டுவிட்டுத் தன்னையே வாசிப்பதில் இவனுக்கும் ஆர்சினோவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிரபு செய்தால் கவிதை, வேலைக்காரன் செய்தால் இருட்டறை. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் இந்த நாடகத் தலைப்புக்குப் பக்கத்தில் ‘மல்வோலியோ’ என்றே எழுதி வைத்தார்.

[திரையில்: ஐந்தாம் அங்கம். எல்லோரும் ஒரே மேடையில்.]

கடைசி அங்கத்தில் ஒலிவியா செசாரியோவை விரும்புவது தெரிந்ததும் ஆர்சினோ வெறி கொள்கிறான். “நான் நேசிக்கும் ஆட்டுக்குட்டியையே பலி கொடுப்பேன்” என்கிறான். ‘நேசிக்கும்’ என்பது அவனை அறியாமல் நழுவிய சொல். வயோலாவோ, உங்கள் நிம்மதிக்காக ஆயிரம் முறை மகிழ்ச்சியோடு சாவேன் என்று சொல்லி அவன் பின்னால் நடக்கிறாள். எங்கே போகிறாய் என்று ஒலிவியா அலறுகிறாள். “என் கண்ணைவிட, உயிரைவிட நான் நேசிப்பவரின் பின்னால்.” ஆயிரம் சாவு என்பதும் உயர்வு நவிற்சிதான். ஆனால் ஆர்சினோ உட்கார்ந்தபடி பேசியதை இவள் நடந்துகொண்டே பேசுகிறாள்.

வேடம் கலைந்த பிறகு ஆர்சினோ அவள் கையைக் கேட்கிறான், நீதான் இனி என் மனைவி என்கிறான். அதற்கு ஷேக்ஸ்பியர் வயோலாவுக்குப் பதில் வசனமே எழுதவில்லை. நாடகத்தில் அவளுடைய கடைசிப் பேச்சு, தன் பெண் உடைகளை வைத்திருக்கும் கப்பல் தலைவன் மல்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில் இருக்கிறான் என்ற தகவல். ஆண் உடையிலேயே நிற்கிறாள். ஆர்சினோவும் அவளைச் செசாரியோ என்றுதான் கூப்பிடுகிறான். அந்த மௌனத்தில் அவள் சிரிக்கிறாளா, தயங்குகிறாளா என்பதை ஒவ்வொரு தயாரிப்பிலும் இயக்குநரும் நடிகையும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. மேடையில் இதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், அந்த இடத்தில் ஆர்சினோவை விட்டுவிட்டு வயோலாவின் முகத்தைப் பாருங்கள்.