"பண்ணிடலாம் மேடம்" என்று சொன்னது யார்?

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. அதனால் பால்கனியில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் கீரைக்காரம்மா குரல் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, பிஎம்பி பரீட்சை எழுதலாம்னு இருக்கேன். ஏஐ வந்ததுக்கப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலையே இருக்காதுங்கறாங்களே, பணத்தைக் கட்டலாமா வேண்டாமா?" பிஎம்பி என்றால் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான ஒரு சான்றிதழ். பதினாலு வருஷமாக இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இது என் கேள்வியும்தான்.

இந்தப் பயம் சாட்ஜிபிடியோடு வந்ததில்லை. 2030-க்குள் இன்றைய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வேலையில் 80 சதவீதம் போய்விடும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. தகவல் திரட்டுவது, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பது, ரிப்போர்ட் போடுவது, இவைதான் போகும் என்றார்கள். படித்தபோது எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைக்கு என்னதான் செய்தேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலையில் ஜிராவில் (யார் எந்த வேலையை எதுவரை முடித்தார்கள் என்று குறித்துவைக்கிற மென்பொருள்) இருந்ததை எக்செல்லுக்கு மாற்றியிருக்கிறேன். மதியம் எக்செல்லில் இருந்ததை பவர்பாயிண்டுக்கு. சாயங்காலம் அதையே மெயிலாக அடித்து மேலே அனுப்பியிருக்கிறேன். இதுக்கா எம்பிஏ படித்தோம் என்று சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வேலையெல்லாம் இப்போது போய்விட்டது. மீட்டிங் முடிந்து, காபி எடுத்துக்கொண்டு சீட்டுக்கு வருவதற்குள் மினிட்ஸை, அதாவது மீட்டிங் குறிப்பை, ஏஐ டூல் எழுதி வைத்திருக்கிறது. யார் என்ன சொன்னார்கள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எல்லாம் வரிசையாக. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அது என்னை எப்படிக் கவிழ்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோ-லைவுக்கு, அதாவது செய்த மென்பொருள் நிஜப் பயன்பாட்டுக்குப் போகும் நாளுக்கு, மூன்று வாரம் இருந்தது. எங்கள் மீட்டிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: கிளையண்ட் லைனில் இருந்தால் இங்கிலீஷ், இல்லையென்றால் முக்கால்வாசி தமிழ். டெஸ்டிங்குக்கு டேட்டா வேண்டும். வாடிக்கையாளர் பெயர், கார்டு நம்பர் எல்லாவற்றையும் மறைத்துத் தர வேண்டிய டேட்டா. புதன்கிழமை கேட்டேன், "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெடியாயிடுமா?" லைனில் இரண்டு மூன்று நொடி சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல்: "பண்ணிடலாம் மேடம்."

மினிட்ஸில் பளிச்சென்று வந்தது: டெஸ்ட் டேட்டா, வெள்ளிக்கிழமை, பொறுப்பு இன்னார். அந்த இன்னார் டெஸ்டிங் பையன். டேட்டாவை எடுத்து, மறைத்துத் தர வேண்டியது டேட்டாபேஸ் டீம். யாரும் வாய் திறக்காததால், மரியாதைக்கு ஏதாவது சொல்வோம் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

இந்த "பண்ணிடலாம்" இருக்கிறதே, அதில் ஆளே கிடையாது. "பண்றேன்" என்றால் நான். "பண்ணுவாங்க" என்றால் அவர்கள். "பண்ணிடலாம்" என்றால் நானா, நீங்களா, பக்கத்து டீமா? எதுவும் இல்லை. கேட்டவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்வது. "பார்க்கலாம்" என்றால் நடக்காது என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மெஷினுக்கு அந்த மூன்று நொடி மௌனம் வெறும் மௌனம். பேசியவன் பெயர் கிடைத்தது, எடுத்துப் போட்டுவிட்டது.

மெஷினைக் குறை சொல்லி என்ன பயன், தப்பு என்னுடையது. முன்பெல்லாம் மினிட்ஸை நானே அடிக்கும்போது 'பொறுப்பு' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். "ஆமாம், இதை யாரு செய்யப்போறா?" என்று போனை எடுப்பேன். இந்த முறை எழுத்து அவ்வளவு சுத்தமாக இருந்ததால், மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பு பட்டனை அழுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டேட்டா இல்லை. திங்களும் செவ்வாயும் டெஸ்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை ஈடுகட்ட இரண்டு சனிக்கிழமை போனது. யாரிடம் திட்டு வாங்கினேன் என்பதெல்லாம் வேண்டாம்.

எங்கள் தொழிலில் தர்பூசணி ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. ஜிராவில் டிக்கெட்டை, அதாவது ஒரு வேலைக்கான சீட்டை, 'முடிந்தது' கட்டத்துக்கு நகர்த்துவது மனுஷன்தான். அவன் பயந்துகொண்டு நகர்த்தினால், ஏஐ அதை வைத்து இன்னும் அழகான தர்பூசணி செய்து தரும், அவ்வளவுதான்.

சரி, திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. இரண்டு விஷயத்துக்கு அதை விடாமல் பயன்படுத்துகிறேன். ஒன்று, கணக்கு. ஐந்து டீம் வேலையும் ஒரே நாளில் வந்து சேர வேண்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீதம் வாய்ப்பு. எல்லாரும் 80 சொல்கிறார்களே, பரவாயில்லை என்றுதான் தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: ஐந்தும் சேர்ந்து முடிய 33 சதவீதம்தான். மேலே இருப்பவர்களிடம் தேதியைத் தள்ளக் கேட்கும்போது இந்த ஒரு எண் என் பத்து ஸ்லைடுக்குச் சமம்.

இன்னொன்று, கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன 'ப்ரீ-மார்ட்டம்'. ப்ராஜெக்ட் ஏற்கெனவே படுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று ஆரம்பத்திலேயே கேட்பது. டீமைக் கேட்டால் தயங்குவார்கள். ஏஐ தயங்காமல் இருபது காரணம் கொட்டும். அதில் பதினைந்து பாடப்புத்தகம். ஆனால் ஒரு தடவை, இன்னொரு ப்ராஜெக்டோடு டெஸ்ட் சர்வரைப் பங்கு போட்டிருந்ததைப் பிடித்துக் கொடுத்தது. எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கிளையண்ட் ஒப்பந்தத்தை மட்டும் இலவச டூலில் ஒட்டாதீர்கள். வேலைக்கே ஆபத்து.

மெஷின் வந்து நம் கணக்கை வாங்கிக்கொள்வது புதுசும் இல்லை. டுபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனிக்காரர்கள் 1957-லேயே ரெமிங்டன் ராண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியோடு சேர்ந்து கிரிட்டிக்கல் பாத் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்துவிட்டார்கள். எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று அது சொல்லிவிடும். ஏன் தாமதமாகிறது என்று அந்த ஆளிடம் போய்க் கேட்க அன்றைக்கும் ஒருத்தர் வேண்டியிருந்தது.

எனக்கு நிஜமான கவலை புதுசாக வருகிற பிள்ளைகள்தான். முதல் வருஷம் பிஎம்ஓவில், அதாவது ப்ராஜெக்டுகளை மேற்பார்க்கிற அலுவலகத்தில், எனக்கு மினிட்ஸ் எழுதுவது மட்டுமே வேலை. மூலையில் நோட்டோடு உட்கார்ந்து, யார் எந்தக் கேள்விக்குத் தொண்டையைக் கனைக்கிறார், யார் பதில் சொல்லாமல் லேப்டாப்பைப் பார்க்கிறார் என்று கவனித்துத்தான் தொழில் கற்றேன். இப்போது அந்த நாற்காலியே இல்லை. போன மாதம் சேர்ந்த பெண்ணை, மினிட்ஸ் தேவையில்லாவிட்டாலும் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது தண்டனை மாதிரி தெரிகிறது போல.

தம்பிக்கு வருகிறேன். பட்டம் இருந்தால் பிஎம்பிக்கு 36 மாதம் ப்ராஜெக்டை முன்னின்று நடத்திய அனுபவம் கேட்பார்கள். அது இருந்தால் பணத்தைக் கட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள்: மீட்டிங்கில் நீங்களும் கையால் குறிப்பு எழுதுங்கள், டூல் எழுதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் மாறுகிறது என்று எனக்கு அனுப்புங்கள். என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். கீரைக்காரம்மா வந்துவிட்டார், முருங்கைக்கீரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.