நடாலின்ர கடினத்தரைக் கணக்கைச் சரியாப் பாப்பம்!

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில இருந்துதான் கதைக்கிறன். பக்கத்து வயலில அருவி வெட்டு மெசின் ஓடுது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்குச் சரியான விசர். போன வீடியோவில ரெனிஸ் வீரர் நடாலைப் பற்றிக் கதைச்சனான் எல்லே, அதைப் பார்த்திட்டு ஒரு தம்பி போன் எடுத்துச் சொல்லுறான், "அண்ணை, அந்தாள் களிமண்ணில மட்டும்தான் ராசா. கடினத்தரையில ஒண்டும் கிழிக்கேல்லை" எண்டு.

கடினத்தரை எண்டா சீமெந்து மாதிரி இறுகின தரை. அதில ஒண்டும் கிழிக்கேல்லையோ? அமெரிக்க ஓபன் 2010, 2013, 2017, 2019. அவுஸ்திரேலிய ஓபன் 2009, 2022. கடினத்தரையில மட்டும் 6 கிராண்ட்ஸ்லாம், அதாவது ரெனிஸின்ர ஆகப் பெரிய நாலு போட்டிகளில வாற கப்! அகாசியைக் கடினத்தரை வீரன் எண்டுதானே எல்லாரும் கொண்டாடுறம்? அவருக்கும் அதே 6 தான். சம்ப்ராஸுக்கு 7, ஒண்டுதான் கூட. ஜோகோவிச்சும் பெடரரும் மேலதான், அதில எனக்கு மறுப்பே இல்லை. ஆனா களிமண்ணில வெண்ட பிரெஞ்ச் ஓபன் 14ஐப் பக்கத்தில வைச்சுப் பாக்கிறபடியாத்தான் உங்களுக்கு இந்த 6 சின்னனாத் தெரியுது.

கடினத்தரை என்ன செய்யுமெண்டு எனக்கு இந்தக் கிழமை வடிவா விளங்கினது. முந்தி ஒரு வீடியோவில காட்டின சீமெந்துத் தளத்தில அடிக்க ரெனிஸ் பந்து ரின் ஒண்டு வாங்கினன். மூண்டு பந்து 3,200 ரூபா! வவுனியாவிலயும் விசாரிச்சுப் பார்த்தன், அங்க அதைவிடக் கூடச் சொல்லுறாங்கள். சரியெண்டு வாங்கி ஒரு பின்னேரம்தான் அடிச்சன். பஞ்சு முழுக்கத் தேஞ்சு பந்து மொட்டை. 3,200 ரூபா! இந்தா, கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறன், பாருங்கோ. இதெல்லாம் ஒரு நியாயமே?

பந்தையே இப்பிடித் தின்னுற தரை முழங்காலை விடுமே? களிமண்ணில சறுக்கிக்கொண்டு போய் அடிக்கலாம். இதில கால் அப்பிடியே பிடிச்சு நிக்கும், அடி முழுக்க மூட்டுக்குத்தான். நடாலே 2018 அமெரிக்க ஓபன் அரையிறுதியில, டெல் பொட்ரோவோட, முழங்கால் ஏலாமல் இடையில விட்டவர். அடுத்த வருசம் அதே நியூயோர்க்கில மெட்வெடேவை ஐஞ்சு செற்றில வெண்டு கப் தூக்கினவர்.

2013ஐ எடுங்கோ. முழங்கால் பிரச்சினையால ஏழு மாசம் விளையாடாமல் இருந்திட்டு வந்த மனிசன். இந்தியன் வெல்ஸ், மொன்றியல், சின்சினாட்டி, அமெரிக்க ஓபன், இந்தக் கடினத்தரைப் போட்டியெல்லாம் அவருக்கு. கடினத்தரையில தொடர்ந்து 26 வெற்றி! பீஜிங் இறுதியில ஜோகோவிச்தான் நிப்பாட்டினவர்.

ஆ, பீஜிங் எண்டதும்தான் ஞாபகம் வருது, 2008 ஒலிம்பிக் தங்கமும் அங்கதான், அதுவும் கடினத்தரைதான். அதையும் கணக்கில சேருங்கோ.

குறை இருக்கோ? இருக்கு. கூரைக்குக் கீழ. காத்தில்லை, வெயிலில்லை, பந்து தாழ்வா விரைவா வரும், அவரின்ர சுழல் பந்து எதிராளியின்ர தோளுக்கு மேல எழும்பாது. வருசக் கடைசியில முதல் எட்டு வீரர்கள் மோதுற ஏரிபி பைனல்ஸ் அவருக்கு ஒருக்காலும் கிடைக்கேல்லை. 2010இல பெடரரிட்ட, 2013இல ஜோகோவிச்சிட்ட, ரெண்டு தரமும் இறுதியில தோத்தவர். உள்ளரங்கில நடக்கிற பாரிஸ் மாஸ்டர்ஸும் இல்லை. பொறுங்கோ, 2005 மட்ரிட் மாஸ்டர்ஸை விட்டிட்டன்! அப்ப அது உள்ளரங்கக் கடினத்தரை. லுபிசிச்சிட்ட முதல் ரெண்டு செற்றையும் குடுத்திட்டு வெண்டவர், 19 வயசில.

அவுஸ்திரேலியா 2022 இறுதியைப் பற்றி நான் கனக்கச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எல்லாரும் பார்த்தனீங்கள். 35 வயசு, ரெண்டு செற் பின்னுக்கு, 5 மணித்தியாலம் 24 நிமிசம். களிமண் வீரனாம்!

எனக்கு மனசு ஆறாதது மயாமிப் போட்டிதான், அதுவும் கடினத்தரை. ஐஞ்சு இறுதி, ஒரு கப்பும் இல்லை. 2005இல 18 வயசுப் பொடியன், பெடரருக்கு எதிரா முதல் ரெண்டு செற்றையும் எடுத்து, மூண்டாவதில 4-1 முன்னுக்கு நிண்டவன். அந்த மேட்சை நான் எப்ப போட்டாலும் 4-1 வந்த உடன நிப்பாட்டிப் போடுவன், அதுக்கங்கால பாக்க மாட்டன்.

சரி, அடுத்த வீடியோவில புல்தரை. வரட்டே?